அரிசிப் பெட்டிக்கு அடியில்

போன மாதம் நகரசபைத் திட்டப் பிரிவில் இப்போது வேலை செய்யும் உங்களில் இரண்டு பேர், ஓய்வுபெற்ற என்னைத் தேடி வந்தீர்கள். பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு பழைய தொகுப்பைக் கையோடு கொண்டுவந்தீர்கள். எழுபதுகளின் கடைசியில் நம் திட்டப் பிரிவு மட்டாஞ்சேரியைப் பற்றித் தயாரித்த விவரத் தொகுப்பு அது. வீடுகள், தெருக்கள், குழாய்கள், வடிகால்கள், இனி ஊர் எப்படி வளர வேண்டும் என்ற யோசனை, எல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் அதற்குப் புரொஃபைல் என்று பெயர். தொகுத்து எழுதியவன் நான்.

வடிகால் அத்தியாயத்தின் கடைசியில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணையைத் திறந்து காட்டினீர்கள். "சாரே, இந்த செங்கல் டேபிள் அடிபொளி. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்றார் ஒருவர். இன்னொருவருக்குக் கண் கூர்மை. "பதினேழாம் நம்பர் வீட்டுக்கு நேரா மட்டும் பிளேடு வச்சு சொரண்டி மாத்தி எழுதியிருக்கே, அது எந்தா சாரே?" என்று கேட்டார். நான் சாயா கொடுத்து, பேச்சை மாற்றி, உங்களை வழியனுப்பி வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதிலை எழுதிவிடுகிறேன். நகர வளர்ச்சியைப் பற்றிக் கேட்க வந்த உங்களுக்குப் பொறாமையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

முதல் பொறாமை எர்ணாகுளத்தின் மேல். மட்டாஞ்சேரிக்காரனுக்கு இது பிறவியிலேயே வரும். மிளகும் சுக்கும் ஏலக்காயும் எங்கள் பஜாரில்தான் கைமாறின. ஒரே சாயாக்கடையில் குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் மலையாளமும் கேட்கும். ஆறுகள் வந்து காயலில் கலந்து கடலுக்குப் போகும் வாயில் உட்கார்ந்திருந்த ஊர் நாங்கள். இருந்தும் என்ன? மாதம் இரண்டு முறை கோப்புக் கட்டோடு ஜெட்டி என்ற படகுத்துறையில் போட் ஏறி அக்கரையில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு புதுக் கட்டடம் எழும்பியிருக்கும். சாலை அகலமாகியிருக்கும். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் லாரி நுழைந்தால் சைக்கிள் பின்வாங்க வேண்டிய சந்துகள். திரும்பி வரும் போட்டில் நான் யாரோடும் பேச மாட்டேன். வயிறு எரியும். நிஜமாகவே எரியும், ஜெட்டியில் இறங்கி ஒரு சோடா குடித்தால்தான் அடங்கும்.

இரண்டாவது பொறாமைக்குப் பெயர் கோமதி.

எங்கள் அலுவலகம் ஒரு சுக்கு கோடவுனின் மாடியில் இருந்தது. எங்கள் மேலதிகாரியைச் சார் என்றே சொல்கிறேன். பெயர் போட்டுப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது. மலையாளி. ஆனால் என்னோடும் கோமதியோடும் தனக்கென்று ஒரு தமிழ் வைத்துக்கொண்டு பேசுவார். எங்களுடையது அப்பா காலத்திலிருந்தே மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வரைவாளனாகச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று அக்கரையிலேயே பேர் உண்டு. நான் வரைந்து கொண்டுபோய் வைக்கும் படத்தைச் சார் பார்க்கக்கூட மாட்டார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அது எனக்குப் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கோமதி பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். தற்காலிக வேலையில் வந்தவள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சார் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நீளும். அவள் கோடு சுமார், எழுத்து சுமாருக்கும் கீழே. ஆனால் அவள் கொண்டுவரும் படத்தைச் சார் பத்து நிமிடம் பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கேள்வி கேட்பார், சிரிப்பார். என் படத்தைப் பார்க்காமல் போடும் கையெழுத்து அப்போதுதான் எனக்குக் கசக்க ஆரம்பித்தது. பார்ப்பதற்கு என் படத்தில் ஒன்றும் இல்லையா?

புரொஃபைலுக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். பஜாரின் பின்னால் இருந்த ஒரு நீளச் சந்து எனக்கும் கோமதிக்கும் வந்தது. நான் குடியிருந்த சந்து. ஒரு பக்கம் தெரு, பின்பக்கம் காயலில் சேரும் தோடு என்ற சின்னக் கால்வாய். நான் லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தித் தெருவின் உயரத்தை எடுத்தேன். பிறகு படிவத்தோடு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கூரை என்ன, குழாய் உண்டா, வீட்டுக்குள் வெள்ளம் ஏறுமா என்று கேள்விகள்.

நகரசபைக்காரன் வாசலில் நின்று கேட்டால், என் வீட்டில் வெள்ளம் ஏறும் என்று யார் சொல்வார்கள்? ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். இன்னொரு வீட்டில் முன்னறையை வாடகைக்கு விடப் போகிறார்கள். கயிற்றுக் கடை வைத்திருந்த மம்மதிக்கா வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றார். "வெள்ளமோ? இங்க ஒரு துள்ளி கேறாது சாரே. எழுதிக்கோ," என்றார். எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு 'இல்லை'. என் வீட்டுக்கு நானே 'இல்லை' போட்டேன். பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் வீடு எனக்குத் தெரியாதா?

கோமதி பின்பக்கமாகப் போனாள். தோட்டு ஓரமாக நடந்து, அடுக்களை வாசலில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்பாள். உள்ளே கூப்பிடுவார்கள். மம்மதிக்கா வீட்டு அடுக்களையில் நடந்ததை அவள் பின்பு சாரிடம் சொல்லும்போது நானும் கேட்டேன். அங்கே அரிசிப் பெட்டி மூன்று செங்கல் உயரத்தில் நின்றது.

"இத்தா, பெட்டிக்கு அடியில எதுக்கு இத்தனை கல்லு?"

"எலிக்கு மோளே."

"எலி மூணு கல்லு ஏறாதா?"

மம்மதிக்காவின் மனைவி சிரித்துவிட்டாராம். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விருச்சிக மாதம், நம் கார்த்திகை, வந்தால் விடியற்காலையில் காயல் பொங்கித் தோட்டு வழியாக அடுக்களைக்குள் ஏறும். இரண்டு மூன்று மணி நேரம் நின்று, முன்வாசல் வழியாகச் சந்துக்கு இறங்கிப் போய்விடும். பத்து மணிக்கு அதிகாரி வருவதற்குள் தரை துடைத்துக் காய்ந்திருக்கும். எந்த வீட்டிலும் யாரும் வாயால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அரிசி நனையக் கூடாதே. எவ்வளவு வெள்ளமோ அவ்வளவு செங்கல்.

கோமதி எல்லா அடுக்களையிலும் செங்கல்லை எண்ணி ஒரு தாளில் எழுதி வந்தாள். வீட்டு எண், செங்கல் எண்ணிக்கை, அவ்வளவுதான். சார் அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்து அவளுக்கு இரண்டாவது சாயா சொன்னார். பத்து வருஷத்தில் எனக்கு இரண்டாவது சாயா வந்ததில்லை. உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும். எனக்கும் அற்பம் என்று தெரியும். ஆனாலும் அந்த டம்ளரில் இருந்த நுரைகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எடோ, இது வடிகால் சாப்டர்ல வரணும், கேட்டோ," என்று தாளை என்னிடம் கொடுத்தார்.

"வரும் சார்," என்றேன்.

வரவில்லை. தாளை நான் படிக்கவே இல்லை. தலைப்பைப் பார்த்தேன், அவளுடைய கோணல் எழுத்தைப் பார்த்தேன், மேஜை இழுப்பறையில் பழைய படச்சுருள்களுக்கு அடியில் போட்டேன். எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்ளத் தெரியும். செங்கல்லுக்குச் செங்கல் அளவு வேறுபடும், இதெல்லாம் ஒரு சர்வேயா என்று சொல்லிக்கொண்டேன். அடுக்களைக்குள் வெள்ளம் வரும் ஊர் என்று எழுதினால் அக்கரைக்காரன் சிரிப்பான், முங்குகிற இடத்துக்கு எதற்குச் சாலை என்பான் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. உண்மையான காரணம் அந்த இரண்டாவது சாயா.

ஒரு வாரம் கழித்து கோமதி கேட்டாள். "அண்ணா, என்னோட ஷீட் சேர்த்தாச்சா?"

"இடம் இல்ல. பார்க்கறேன்."

"சரி அண்ணா," என்றாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சார் வழக்கம்போல் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், தொகுப்பு அக்கரைக்குப் போயிற்று. வீடுகளில் வெள்ளம் ஏறுவதில்லை, தெருவில்தான் சேறு என்று என் அழகான எழுத்து சொன்னது. அதை நம்பித் திட்டம் வந்தது. சந்து முழுவதையும் ஒன்றரை அடி உயர்த்திக் கல் பரப்ப வேண்டும், கோடவுன் வரைக்கும் லாரி போகும். எத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு வேலை! சந்து முழுக்க என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மம்மதிக்கா எனக்கு ஒரு சுருள் கயிறு இனாமாகக் கொடுத்தார். கோமதியின் கையை யாரும் குலுக்கவில்லை. வாழ்க்கையில் அந்த இரண்டு மாதம்தான் நான் யார் மேலும் பொறாமைப்படாமல் இருந்தேன்.

விருச்சிகம் பிறந்தது. ஒரு காலையில், விடிந்தும் விடியாமல், சந்து முனையில் லாரி கல் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். வழக்கமாக ஏழு மணிக்கு முன்னால் நான் கண் விழிப்பதில்லை. பின்கட்டுக்குப் போனவன் அடுக்களைக்குள் காலை வைத்தேன். கணுக்கால் வரை தண்ணீர். என் மனைவி சரசு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அரிசிப் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"என்னவா? விருச்சிக மாசம்."

"எப்ப இருந்து இப்படி?"

"நான் கல்யாணம் ஆயி இந்த வீட்டுல கேறின வருஷம் தொட்டு. நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள தொடச்சு எடுத்துருவேன். நீங்க எந்த ஊருலயாக்கும் இருக்கீங்க?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? உங்க ஆபீஸ் பொண்ணு கோமதி கேட்டா, சொன்னேன். கல்லைக் கூட எண்ணிட்டுப் போனாளே. அவ சொல்லலையா?" பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தெருவ ஒசத்தப் போறாங்களாமே. இந்த வெள்ளம் எறங்கிப் போறது அந்த வழியாத்தானே? தெரு ஒசந்தா இது எங்க போகும்?"

எட்டாம் வகுப்புப் படித்தவள். அக்கரையில் ஒரு பொறியாளரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். தோட்டு வழியாக ஏறிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் இருபத்திரண்டு அடுக்களையிலும் நிற்கும். மழைத் தண்ணீரும் உயர்ந்த தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கும். காலம் முழுக்க.

முகம்கூடக் கழுவாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, முதல் முறையாகப் படித்தேன். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே வந்து, பதினேழாம் எண்ணில் நான்கு. சந்திலேயே அதிகம். பதினேழு என் வீடு. கோமதிக்கு அது யார் வீடு என்று தெரியும். அன்றைக்குச் சொல்ல வந்து சொல்லாமல் போனது அதைத்தான். சொந்த அடுக்களையைத் தெரியாதவன் ஊருக்குப் புரொஃபைல் எழுதுகிறான் என்று அவள் என்னை ஒரு தடவைகூட இடித்துக் காட்டவில்லை. எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சார் வருவதற்குள் பொய்யைத் தயார் செய்துவிட்டேன். தாள் சுருளுக்குள் சிக்கிக்கொண்டது, இப்போதுதான் கிடைத்தது. யார் மேலும் குற்றம் இல்லை, வேலை நின்றுவிடும், எல்லாருக்கும் நல்லது. நான் உள்ளே போனபோது கோமதி சார் மேஜைக்கு எதிரே ஒரு படத்தோடு நின்றிருந்தாள். தாளை நீட்டினேன்.

"இது எவிடேந்து கிட்டி?" என்றார் சார்.

"சுருளுக்குள்ள சிக்கியிருந்துது சார்."

"இத்தனை மாசமோ? அங்க கல்லு கொட்டறான் எடோ!"

அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போது கோமதி பேசினாள். "நான்தான் சார். ஒரு தப்பு இருந்தது, திருத்தலாம்னு அண்ணாகிட்ட இருந்து திரும்ப வாங்கிண்டேன். சுருளோட வச்சு மறந்துட்டேன்."

சார் அவள் பக்கம் திரும்பினார். மேஜையில் அவளுடைய வேலை நீட்டிப்புத் தாள் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதை அவர் மெதுவாக ஒதுக்கி வைத்தார். அவள் முகம் வெளுத்தது, ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

என் மனதில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. இதிலுமா? என்றுதான் தோன்றியது. வேலையில் என்னைத் தாண்டினாள், சரி. சொந்த வீட்டை அறிவதில் தாண்டினாள், சரி. பெருந்தன்மையிலும் இவளே ஜெயிப்பதா? அந்த ஒன்றையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பொய் சார்," என்றேன். "அவ திரும்ப வாங்கவே இல்ல. நான்தான் மறைச்சு வச்சேன்."

"எந்தினு?"

"பொறாமை சார்."

அந்த அறையில் அப்படி ஒரு காரணத்தை அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சார் ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "முதல்ல போயி கல்லு எறக்கறத நிறுத்தெடோ. பாக்கி பின்னே," என்றார்.

சந்து முனையில் பாதி லாரி காலியாகியிருந்தது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் நிறுத்த முடியாது என்றான் மேஸ்திரி. சார் அக்கரைக்கு ஃபோன் போட்டு, கடிதம் தயாராகி வர மதியம் ஆகிவிடும். அதற்குள் பாதிச் சந்து மூடிவிடும். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் என் தப்பை ஒத்துக்கொள்ள யாருடைய அதிகாரமும் வேண்டாம். அவனிடமே ஒரு தாள் வாங்கி, இந்தச் சந்தைப் பற்றி நான் கொடுத்த விவரம் தவறு, இங்கே வீடுகளுக்குள் வெள்ளம் ஏறுகிறது, தெருவை உயர்த்தினால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "சாரே, வந்த ரோட்டை நீங்களே முடக்குறீங்களா?" என்று மம்மதிக்கா கத்தினார். "இங்க ஒரு துள்ளி கேறாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"என் வீட்டுக்குள்ள கேறுது இக்கா," என்றேன். "இன்னிக்குக் காலையில கூட. வந்து பாருங்க, தரை இன்னும் காயல."

இருபத்திரண்டு வீட்டிலும் அதை வெளியே சொன்ன முதல் ஆள் நான்தான். மம்மதிக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மூணு கல்லு," என்றார். "ரெண்டு," என்றது ஒரு ஜன்னல். "எங்களுக்கும் மூணு," என்றது வேறொரு குரல். என் வீட்டில் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேஸ்திரி லாரியைத் திருப்பச் சொன்னான்.

தெரு உயரவில்லை. தோட்டைத் தூர்வாரி, அது காயலில் சேரும் இடத்தில், தண்ணீர் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் பலகைக் கதவு வைத்தார்கள். கோமதியின் நீட்டிப்பில் சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். எண்பதுகளில் அவள் நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, அக்கரைக்கு மாற்றலானாள். நல்லதெல்லாம் அங்கேதானே போகும். கோப்பில் அவள் கையெழுத்துக்காக நான் போட் ஏறிப் போன நாட்கள் உண்டு. அப்போதும் ஜெட்டியில் இறங்கி சோடா குடித்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைச் சார் தண்டிக்கவில்லை. அவளுடைய செங்கல் கணக்கை டிரேசிங் தாளில் என் கையால் எழுதச் சொன்னார், நகல் எடுத்துத் தொகுப்பின் எல்லாப் பிரதியிலும் ஒட்டுவதற்காக; நீங்கள் கொண்டுவந்ததில் இருப்பது அந்த மூலத் தாளே. என் எழுத்து நன்றாக இருக்கும் அல்லவா. உயிரைக் கொடுத்து எழுதினேன். பதினேழாம் வரி வந்தது. மம்மதிக்காவின் வீட்டில் மூன்று. சந்திலேயே தாழ்ந்த வீடு என் வீடு என்று இனி அக்கரையில் நிரந்தரமாக இருக்கப் போகிறது. கை தவறியது என்று உங்களிடம் சொல்லலாம். தவறவில்லை. தெரிந்தே மூன்று என்று எழுதினேன்.

தாளைக் கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல் பேனா எடுப்பார் என்று நின்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பத்து நிமிடம். எத்தனை வருஷம் ஏங்கிய பத்து நிமிடம் அது! அவர் விரல் பதினேழில் வந்து நின்றது.

"எடோ, இது நாலு அல்லே?"

பிளேடை மேஜையில் என் பக்கம் நகர்த்தினார். அடுத்த மேஜையில் கோமதி தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்று சுரண்டினேன், ஊதினேன், நான்கு என்று எழுதினேன். அந்த அட்டவணைக்காக நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். அது கோமதியுடையது. சுரண்டிய இடம் மட்டும்தான் என்னுடையது.